விட்ட கேள்விகள்

செம்மொழிக்கு ஒரு வியாதி இருந்தது. எந்தக் கேள்வியையும் விடமாட்டாள்.

தெரிந்த கேள்விக்கு விடை குறிப்பது எல்லோரும் செய்வதுதான். இவள் தெரியாததற்கும் குறிப்பாள். நீட் தேர்வில் நூற்று எண்பது கேள்வி. சரியாக இருந்தால் நான்கு மதிப்பெண். தப்பாக இருந்தால் கையில் இருப்பதிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்வார்கள். விட்டுவிட்டால் வரவும் இல்லை, போக்கும் இல்லை. பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற இந்த விஷயம், பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றேழு வாங்கிய செம்மொழியின் மண்டையில் மட்டும் ஏறவில்லை. சனிக்கிழமை மாதிரித் தேர்வு முடிந்து தாள்களை வாங்கினால் மற்றப் பிள்ளைகளின் தாளில் அங்கங்கே வெள்ளை வட்டங்கள் இருக்கும். செம்மொழியின் தாளில் நூற்று எண்பது வரிசையிலும் ஒரு கறுப்பு வட்டம் இருக்கும்.

மலர்க்கொடி டீச்சருக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊர் ஒன்றில் இருந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் மலர்க்கொடி இயற்பியல் ஆசிரியை. நீட் பயிற்சிக்கும் பொறுப்பு. பொறுப்பு என்றால் அதற்குத் தனிச் சம்பளமோ தனி நாற்காலியோ கிடையாது. யாரும் தொடாத வேலையை, முடியாது என்று சொல்லத் தெரியாதவர் தலையில் கட்டுவதற்கு அரசாங்கம் வைத்திருக்கும் பெயர் அது. ஜூன் மாதம் முப்பத்தோரு பிள்ளைகளுடன் வகுப்பு தொடங்கியது. தீபாவளிக்குள் பதினொன்றாகக் கரைந்தது. அந்தப் பதினொன்றில் கரை சேரக்கூடியது ஒன்றே ஒன்றுதான் என்று மலர்க்கொடிக்குத் தெரியும். அந்த ஒன்றுதான் இப்படித் தெரியாத கேள்விக்கெல்லாம் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை மலர்க்கொடி அவளை எதிரே உட்காரவைத்துத் தாளைப் பிரித்துக் காட்டினாள். அன்றைக்குச் செம்மொழி குருட்டாம்போக்கில் போட்டது நாற்பது. அதில் ஐந்து சரி, முப்பத்தைந்து தப்பு. ஆக, பதினைந்து மதிப்பெண் தண்டமாகப் போயிருந்தது. சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்தப் பதினைந்தும் மிஞ்சியிருக்கும். செம்மொழி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் நூற்று எண்பது வட்டம்.

ஏன் இப்படிச் செய்கிறாள் என்று நாலைந்து தடவை கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். காலியாக விட்டால் ஒரு மாதிரி இருக்கிறதாம். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்ததுபோல மனசு உறுத்துகிறதாம். இது படிப்பில் வந்த கோளாறு இல்லை, வளர்ப்பில் வந்தது என்று மலர்க்கொடிக்கு அப்போது பட்டது. அன்று மத்தியானமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, பெண்ணையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, அவள் அம்மாவைத் தேடிப் போனாள்.

அம்மா அம்சம் நடவு வயலில் இருந்தாள். சம்பா நடவு. ஏழெட்டுப் பெண்கள் குனிந்த வாக்கில் பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். அம்சம் நட்ட வயல் என்றால் அந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. நட்ட பத்தாம் நாள் வயலில் இறங்கி, விடுபட்ட இடத்தில் எல்லாம் மறுபடி நாற்று வைப்பார்களே, போக்கு நடவு, அந்த வேலைக்கு அவள் நட்ட பங்கில் ஆள் விடத் தேவையிருக்காது. அந்தக் கைக்குப் பிறந்தவள் கேள்வியைக் காலியாக விடுவாளா? மலர்க்கொடிக்குப் பாதிச் சிரிப்பும் பாதி எரிச்சலுமாக வந்தது. வரப்பில் நின்றபடியே முழுப் புகாரையும் சொல்லி முடித்தாள்.

அம்சம் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். அவளுக்கு நீட்டும் தெரியாது, வட்டமும் தெரியாது. ஆனால் சங்கதி உடனே பிடிபட்டுவிட்டது.

“ஏண்டி, டீச்சர் நிக்கிற வரப்புல நாம ஏன் நெல்லு வைக்கல? அதுவும் மண்ணுதானே?”

செம்மொழி குனிந்து வரப்பைப் பார்த்தாள்.

“வரப்பையும் சேத்து நட்டா வயல்ல தண்ணி நிக்குமா? விடவேண்டிய எடத்த விட்டாத்தான் நட்டது நெலைக்கும். போ, டீச்சர் சொல்றத கேளு.”

நாலைந்து மாதம் மலர்க்கொடி தொண்டை வற்றக் கத்தியது பலிக்காத இடத்தில், அம்சத்தின் நாலு வார்த்தை பலித்தது. அடுத்த சனிக்கிழமை செம்மொழியின் தாளில் முதல் முறையாகப் பன்னிரண்டு வெள்ளை வட்டங்கள் இருந்தன. மலர்க்கொடி அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தன் கணவரிடம் காட்டினாள். அவர் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் காபி கேட்டார்.

மே மாதம் தேர்வு வந்தது. காதில் தோடு இல்லாமல், கையில் வளையல் இல்லாமல், அரைக் கை சட்டையோடு செம்மொழி தஞ்சாவூரில் மையத்துக்குள் போனாள். எதிரே ஒரு வேப்பமரத்தடியில் அவள் அப்பா நெடுஞ்செழியனும் மலர்க்கொடியும் மூன்று மணி நேரத்துக்கு மேல் வெயிலில் காய்ந்தார்கள். வெளியே வந்தவள் நேராக டீச்சரிடம் வந்தாள். கண் சிவந்திருந்தது.

“இருபத்து மூணு விட்டுட்டேன் டீச்சர்.”

யாரையோ அனாதையாக விட்டு வந்ததுபோலச் சொன்னாள். மலர்க்கொடி நடுத்தெருவில் அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஜூனில் முடிவு வந்தது. முந்நூற்று எண்பத்தெட்டு. நூற்றொன்பது சரி, நாற்பத்தெட்டு தப்பு, இருபத்து மூன்று காலி. பணம் கட்டி இரண்டு வருஷம் பெரிய ஊர்களில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளின் வரிசையில் வைத்தால் இந்த மதிப்பெண் வாசலோடு நின்றுவிடும். சீட்டுக்கு இன்னும் அறுபது குறையும். ஆனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஏழரை சதவீதம் ஒதுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த வரிசையில் வைத்தால் சீட்டு நிச்சயம். ஏழரை என்றால் ஊரில் எல்லோருக்கும் சனி ஞாபகத்துக்கு வரும். அரசுப் பள்ளி வாத்தியார்களுக்கு மட்டும் அது சாமி. அந்தப் பள்ளியிலிருந்து இதுவரை ஒரு பிள்ளைகூட டாக்டருக்குப் போனதில்லை. தலைமையாசிரியர் பஞ்சநதம் தம் படத்தைச் சற்றுப் பெரிதாகப் போட்டு ஒரு பிளெக்ஸ் தட்டிக்கு மாதிரி தயார் செய்யச் சொல்லிவிட்டார்.

கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க ஒரு சான்றிதழ் வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை முழுக்க அரசுப் பள்ளியிலேயே படித்தவர் என்று தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். படிவத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வரி, மொத்தம் ஏழு வரி. இதில் என்ன இருக்கிறது, ஒரே பள்ளிதானே என்று மலர்க்கொடி அலட்சியமாகத்தான் பழைய கோப்பைப் பிரித்தாள். சேர்க்கைப் பதிவேட்டில் செம்மொழியின் பெயர் ஆறாம் வகுப்பிலிருந்து ஒழுங்காக ஓடியது. கணினியிலும் அப்படியே இருந்தது. கோப்பின் அடியில், இரண்டாக மடித்த ஒரு மாற்றுச் சான்றிதழ் கிடந்தது. மன்னார்குடி சாலையில் இருந்த ஒரு மெட்ரிக் பள்ளியின் முத்திரை. ஆறாம் வகுப்பு, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை.

மலர்க்கொடி அந்த முத்திரையை மறுபடி மறுபடி படித்தாள். அந்தப் பள்ளியில் செம்மொழியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவளே அவள்தான். அந்த ஐந்து மாதம் இந்தப் படிவத்தில் வந்து நிற்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

கஜா புயல் அடித்த வருஷம் அது. மலர்க்கொடி வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரே இரவில் தென்னையெல்லாம் படுத்துவிட்டது. பள்ளியின் ஓடுகள் பறந்துபோய், ஓட்டை விழாத வகுப்பறைகளில் வீடிழந்த சனங்கள் தங்கியிருந்தார்கள். முகாமில் அரிசி கொடுக்கப் போன மலர்க்கொடி, ஈரப் புத்தகத்தை அடுப்போரம் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பத்து, பதினொரு வயதுப் பெண்ணைப் பார்த்தாள். ஆறாம் வகுப்பு. வகுப்பறைக்கு ஏப்ரல் வரை கூரை வராது என்று பேசிக்கொண்டார்கள். அந்த மெட்ரிக் பள்ளிக்காரர்கள் புயலில் பாதித்த பிள்ளைகள் சிலரைச் சம்பளமில்லாமல் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். மலர்க்கொடி நெடுஞ்செழியனிடம் பேசிச் சம்மதம் வாங்கி, தானே ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அப்போது ஏழரையும் கிடையாது, எட்டும் கிடையாது. அந்தச் சட்டம் வந்ததே இரண்டு வருஷம் கழித்துத்தான். ஜூனில் கூரை போட்டதும் பிள்ளை பழைய பள்ளிக்கே திரும்பிவிட்டாள். புயலில் நனைந்த பதிவேடுகளை அந்த வருஷம் உட்கார்ந்து புதிதாக எழுதினார்கள். அந்தக் குழப்பத்தில் ஐந்து மாதம் யார் கண்ணிலும் படாமல் நழுவிவிட்டது.

நல்லது செய்கிறோம் என்று ஒரு பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாளே, அந்த ஐந்து கிலோமீட்டர் இப்போது திரும்பி வந்து வழியில் நிற்கிறது.

மலர்க்கொடி அந்தத் தாளைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். யார் சேர்த்தது என்பதைச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நினைத்து மறைத்ததில்லை, அவர் கேட்கவில்லை, அவ்வளவுதான். பஞ்சநதம் அந்தப் பள்ளிக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. வலங்கைமான் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். மணி அடித்ததும் பஸ் ஏறிவிடுவார், உள்ளூர்ப் பேச்சு எதுவும் அவர் காதுக்கு வராது. அடுத்த மே மாதம் ஓய்வு. தாளை ஒரு முறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“பதிவேட்டுல இருக்கு. கம்ப்யூட்டர்ல இருக்கு. இதுக்கு மேல நான் எதைப் பாக்கணும் டீச்சர்? இந்த ஸ்கூல்ல கரையான் தின்ன பேப்பர் எத்தனையோ.”

சொல்லிவிட்டுத் தாளை அவள் பக்கமே தள்ளினார். கரையானுக்குப் போடவேண்டியது யார் என்பதும் அதிலேயே தெரிந்துபோயிற்று.

மலர்க்கொடி அதைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அன்று முழுக்க அந்தப் பை தோளில் கனத்தது. ஐந்து மாதம். அதுவும் புயலில். பணக்காரப் பிள்ளை குறுக்கு வழியில் நுழைவதைத் தடுக்கப் போட்ட சட்டம், முகாமில் படுத்திருந்த பிள்ளையைத் தடுத்தால் அது என்ன நியாயம் என்று தனக்குத்தானே வாதாடினாள். வாதத்தில் அவளே ஜெயித்தாள். ஆனால் ஒவ்வொரு தடவை ஜெயித்த பிறகும், பட்டியலில் செம்மொழிக்கு அடுத்தபடியாக நிற்கிற ஒரு பிள்ளையின் நினைப்பு வந்தது. அதுவும் ஏதோ ஓர் அரசுப் பள்ளிப் பிள்ளைதானே. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு நாளும் வெளியே போகாத பிள்ளை. அதற்கு ஒரு டீச்சர் இருப்பாள். அந்த டீச்சரும் ஒரு வேப்பமரத்தடியில் காய்ந்திருப்பாள்.

அதற்கு மேல் மலர்க்கொடியால் வாதாட முடியவில்லை. ஆனாலும் தாளைப் பையிலிருந்து வெளியே எடுக்கவும் இல்லை.

சாயங்காலம் நெடுஞ்செழியன் வீட்டுக்குப் போனாள். அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு முன்னால் அவரே இறக்கிய தகரக் கொட்டகை, அதன் கீழே சொந்தக்காரர்கள் நாலைந்து பேர். நெடுஞ்செழியனின் அப்பா காத்தான் அதே ஊரில் பண்ணையாளாக இருந்து செத்தவர். மகன் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார், அறுவடைக் காலத்தில் இயந்திரமும் ஓட்டுகிறார். பேத்தி டாக்டர் என்றால் சும்மாவா? மலர்க்கொடியைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அம்சம் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தாள். நெடுஞ்செழியன் வந்தவர்களிடம் தன் வழக்கமான கதையைத் தொடங்கினார்.

வழக்கமான கதை என்றால் அது ஊருக்கே மனப்பாடம். டீக்கடையில் சொல்வார், கல்யாண வீட்டில் சொல்வார், களத்தில் நெல் தூற்றும்போதும் சொல்வார். புயலடித்து ஊரே தெருவில் கிடந்தபோது, இந்த டீச்சர் வண்டியில் வந்து என் பிள்ளையை இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்த்துவிட்டார்கள் என்கிற கதை. ஒவ்வொரு முறையும் அதில் ஒரு சுழி கூடும். இன்றைக்குக் கதையில் மழையும் பெய்தது.

மலர்க்கொடி அவரை வாய்க்கால் பக்கமாக அழைத்துப்போனாள். இனிமேல் அந்தக் கதையை யாரிடமும் சொல்லவேண்டாம் என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. தன்னடக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். வேறு வழியில்லாமல் மலர்க்கொடி விதியைச் சொன்னாள். ஏழு வரியைச் சொன்னாள். கைப்பையில் இருக்கிற தாளைச் சொன்னாள். தலைமையாசிரியர் சொன்னதையும் சொன்னாள். ஊரில் நாலு பேர் மறந்துவிட்டால், இந்தத் தாளும் இல்லாமல் போனால், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று சொல்லும்போது அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

நெடுஞ்செழியன் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார். மேட்டூரில் தண்ணீர் திறந்து பத்து நாள் ஆகியும் அந்த வாய்க்காலுக்கு இன்னும் வரவில்லை. வெறும் சேறும் ஆகாயத்தாமரையும்தான்.

“அவகூட முகாம்ல இருந்தது ரெண்டு பொண்ணுங்க டீச்சர். ஸ்கூல் இல்ல, ஸ்கூல் இல்லன்னு சும்மா திரிஞ்சுதுங்க. அப்படியே திருப்பூருக்கு அனுப்பிச்சிட்டாங்க. பனியன் கம்பெனி. அந்த அஞ்சு மாசம் இல்லன்னா என் பொண்ணும் அங்கதான்.”

பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்ப அது தப்பா டீச்சர்?”

மலர்க்கொடி வாயைத் திறந்தாள். தப்பு இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் மறைக்கச் சொல்கிறாய் என்று கேட்கமாட்டாரா? தப்பு என்று சொன்னால், அவர் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த நன்றிக்கு என்ன அர்த்தம்? நாளைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு வாருங்கள், படிவம் எழுதிவிடலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். கொட்டகையைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். சொந்தக்காரர்கள் கேட்கக் கேட்க, நெடுஞ்செழியன் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அப்பாவும் மகளும் வந்தார்கள். நெடுஞ்செழியன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், தலைமையாசிரியர் அறைக்கு வெளியே வராந்தாவில் நின்றுகொண்டார். செம்மொழி இயற்பியல் ஆய்வகத்துக்கு வந்து, ஒரு வருஷமாகச் சனிக்கிழமைகளில் உட்கார்ந்த அதே முக்காலியில் உட்கார்ந்தாள். மலர்க்கொடி படிவத்தை அவள் முன்னால் வைத்தாள். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் எழுது, ஆறாம் வகுப்பு வரியை மட்டும் விட்டுவிடு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். தானே எழுதுவதா, பதிவேட்டைப் பார்த்துப் பஞ்சநதத்தை எழுதவைப்பதா என்று அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. எப்படியும் பிள்ளையின் கையில் அந்தப் பாவம் ஒட்டவேண்டாம் என்று மட்டும் நினைத்தாள். பிறகு, பார்க்கமுடியாமல், ஜன்னல் பக்கம் போய்ச் சோதனைக் குழாய்களை எடுத்து எடுத்து வைத்தாள்.

திரும்பி வந்தபோது ஏழு வரியும் நிரம்பியிருந்தன.

ஆறாம் வகுப்பு வரியில் இரண்டு பள்ளிகளின் பெயர் இருந்தது. ஜூன் முதல் நவம்பர் வரை இந்தப் பள்ளி. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அந்த மெட்ரிக் பள்ளி. இடம் போதாமல் எழுத்தைச் சிறிதாக்கி, ஆனால் அடித்தல் திருத்தல் இல்லாமல், அம்சம் நட்ட வயலைப்போல நிரப்பியிருந்தாள்.

“விடச் சொன்னேனே செம்மொழி.”

“தெரியாததத்தானே டீச்சர் விடச் சொல்லிக் குடுத்தீங்க. இது எனக்குத் தெரியும்ல.”

கோபமில்லை, அழுகையில்லை. இரவெல்லாம் அழுதிருப்பாள் போல, இமை தடித்திருந்தது. அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்பதும், வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்பதும் மலர்க்கொடிக்கு அப்போதுதான் புரிந்தது. அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டாள். அம்மா ராத்திரி சாப்பிடவில்லை என்றாள் செம்மொழி. பிறகு, விரலால் மேஜையில் கோடு கிழித்துக்கொண்டே, இன்னும் அறுபது மதிப்பெண்தானே வேண்டும் என்றாள். விட்ட இருபத்து மூன்றில் பதினைந்து தெரிந்திருந்தால் அறுபது வந்துவிடும். அடுத்த வருஷம் சனிக்கிழமை வகுப்புக்குப் பழைய பிள்ளைகள் வரலாமா என்று கேட்டாள்.

வரலாம் என்றாள் மலர்க்கொடி. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போன பிள்ளை, அழவேண்டியது போய் ஆறுதல் சொல்கிறதே என்று இருந்தது. இன்னொரு வருஷம், இன்னொரு மே, அந்தப் பெரிய ஊர்ப் பிள்ளைகளோடு ஒரே வரிசை. அறுபது என்பது சொல்லத்தான் சின்ன எண். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

படிவத்தைப் பஞ்சநதத்தின் மேஜையில் வைத்தார்கள். அவர் மேலிருந்து படித்துக்கொண்டே வந்து ஆறாம் வகுப்பில் நின்றார். முகம் கறுத்தது. இதை இப்படியே அனுப்பினால் ஏழரை கிடையாது, தெரியும்தானே என்று மலர்க்கொடியைக் கேட்டார். தெரியும் என்றாள். புதுப் படிவம் தருகிறேன், வேறு எழுதலாம் என்று செம்மொழியிடம் சொன்னார். அவள் வேண்டாம் சார் என்றாள். பஞ்சநதத்துக்கு ஆற்றாமை பொங்கிவிட்டது. அவருக்குத் தம் பிளெக்ஸ் மட்டும் கவலையில்லை, அதையும் சொல்லவேண்டும். அந்தப் பெண்ணின் மேல் உண்மையாகவே அவருக்குப் பிரியம் இருந்தது. பிரியம் ஏமாந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். வராந்தாவில் நின்ற நெடுஞ்செழியனை உள்ளே கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, நல்லா இருந்த பிள்ளைய எந்த மடையன் கொண்டுபோய் அந்த ஸ்கூல்ல சேத்தான்?”

நெடுஞ்செழியன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மேஜைக்கு இந்தப் பக்கம் அவர், அவர் மகள். பக்கவாட்டில், மூன்றடி தூரத்தில் மலர்க்கொடி. டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் களத்திலும் ஏழு வருஷமாக அவர் சொல்லிவந்த பெயர் அந்த மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“நாந்தான் சார். வெவரம் தெரியாம பண்ணிட்டேன்.”

“படிச்சவங்க யார்கிட்டயாவது ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா நீ?”

“கேக்கல சார்.”

மலர்க்கொடிக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இல்லை சார், நான்தான். மூன்றே சொல். செம்மொழி அவளை நிமிர்ந்து பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை, சும்மா, மாதிரித் தேர்வில் அடுத்த கேள்வியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. பஞ்சநதம் நாற்காலியைச் சத்தமாக இழுத்துப்போட்டு உட்கார்ந்து, விவரம் கெட்டவர்களால் பிள்ளைகள் படிப்பு எப்படி வீணாகிறது என்று பேசத் தொடங்கினார். நெடுஞ்செழியன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். இப்போது சொல்லலாம், இவர் மூச்சு விடும்போது சொல்லலாம் என்று மலர்க்கொடி காத்திருந்தாள். அவர் மூச்சு விட்டார். மறுபடி பேசினார். பேசி முடித்துப் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். முத்திரை எங்கே என்று கேட்டார்.

மலர்க்கொடி முத்திரையை எடுத்துக் கொடுத்தாள்.